நாடகப் பிரதியைத் தட்டச்சு செய்வது யார் வேலை?

நாடகம் முடிவானதும் இயக்குநர் கையில் ஒரு பழைய அச்சுப் புத்தகம் இருக்கும். இல்லையென்றால் நகலுக்கு நகல் எடுத்து எழுத்தெல்லாம் மங்கிப்போன ஒரு கட்டு இருக்கும். அதை, ஒத்திகையையும் மேடையில் நிகழ்ச்சியையும் ஒழுங்காக நடத்திவைக்கும் ஸ்டேஜ் மேனேஜரிடம் நீட்டி, "இதைக் கொஞ்சம் கம்ப்யூட்டரில் அடித்துவிடேன், எல்லாருக்கும் அனுப்பிவிடலாம்" என்பார். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. இரண்டு மணி நேர நாடகத்தில் 20,000 சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 40 சொல் வேகத்தில் மூச்சு விடாமல் அடித்தாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாத்திரப் பெயர்களை வரிசையாக வைப்பது, மேடைக் குறிப்புகளைச் சாய்வெழுத்தில் போடுவது, பிறகு மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்துவது எல்லாம் தனிக் கணக்கு. அந்த ஒப்பிடும் வேலையைத்தான் பெரும்பாலானவர்கள் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

இந்த விஷயத்தில் நான் ரொம்ப நாளாக ஒரே கட்சி. மின்பிரதி கட்டாயம் வேண்டும். ஆனால் அதை நாமே உட்கார்ந்து அடித்து உண்டாக்குவது கடைசி வழியாக இருக்க வேண்டும். சோம்பலுக்குச் சாக்கு என்று சொல்கிறவர்கள் உண்டு, சொல்லட்டும். ஒரு நாடகத்தைத் தட்டச்சு செய்கிறவர் கையில், அவருக்கே தெரியாமல், கொஞ்சம் வேறான இன்னொரு நாடகம் உருவாகிவிடுகிறது. என் கவலை அதுதான்.

முதலில் மின்பிரதியின் பக்கம் நின்று பேசிவிடுகிறேன். அச்சான நாடகப் புத்தகங்கள் பெரும்பாலும் கையடக்கமானவை. நெருக்கமான எழுத்து, விரல் அகல ஓரம். படிப்பதற்கு அது போதும். நாடகத்தை நடத்துவதற்குப் போதாது. ஸ்டேஜ் மேனேஜரின் பிராம்ப்ட் புத்தகத்தில், அதாவது நிகழ்ச்சியை நடத்த அவர் வைத்திருக்கும் வேலைப் பிரதியில், ஒரு பக்கம் வசனம், எதிர்ப்பக்கம் யார் எங்கிருந்து எங்கே நடக்கிறார் என்ற குறிப்பு, ஓரத்தில் லைட், ஒலி, திரை எல்லாவற்றுக்குமான க்யூ, அதாவது எது எந்த இடத்தில் மாற வேண்டும் என்ற குறி, இருக்க வேண்டும். இதற்காகப் பழைய ஆட்கள் இரண்டு புத்தகம் வாங்கிப் பிரித்து, ஒவ்வொரு தாளையும் ஒரு பெரிய தாளில் ஒட்டுவார்கள். ஒரே புத்தகம்தான் கிடைத்தது என்றால் பெரிய தாளின் நடுவே ஜன்னல் மாதிரி வெட்டி, அச்சுத் தாளை அதில் பொருத்தி, இரண்டு பக்கமும் தெரியும்படி நாலு ஓரமும் டேப் ஒட்டுவார்கள். அப்புறம் நகல் இயந்திரம் வந்தது. ஏ5 பக்கத்தை 141 சதவீதம் பெரிதாக்கினால் ஏ4 அளவு வந்துவிடும். எழுத்து பெரிதாகும், ஆனால் ஓரமும் வரி இடைவெளியும் அதே விகிதத்தில்தான் பெரிதாகும். க்யூ எழுத இடம் வேண்டும் என்ற பிரச்சினை அப்படியே நிற்கும்.

கோப்பாக இருந்தால் இதெல்லாம் நம் விருப்பம். வலது ஓரத்தில் நாலு விரல் இடம் விடலாம், வரிகளைத் தள்ளித் தள்ளி வைக்கலாம். எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பெரிய லாபமாகத் தெரிவது பக்கம் முடியும் இடத்தை நாமே தீர்மானிக்கலாம் என்பது. நிகழ்ச்சியை மேசையில் உட்கார்ந்து நடத்தியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஒரு மரணக் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு அறையும் சத்தம், லைட் மாற்றம், அரை நொடி கழித்து இசை, அதன் மேல் இன்னொரு லைட், பின்திரை. இந்த ஐந்து க்யூவும் இரண்டு வரிக்குள் வருகின்றன, அந்த இரண்டு வரிக்கு நடுவில் பக்கம் முடிகிறது. "ஸ்டாண்ட்பை" (தயாராக இருங்கள்) என்று சொல்லிவிட்டு, கண் மேடையில், காது ஹெட்செட்டில் இருக்கும்போது ஒரு கை தாளைத் திருப்ப வேண்டும். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு திரும்பிவிட்டால் போச்சு. கோப்பாக இருந்தால் அந்தக் காட்சிக்கு முன்னாலேயே பக்கத்தை முறித்து, ஐந்து க்யூவையும் ஒரே தாளில் கொண்டுவந்துவிடலாம். முந்தின பக்கம் பாதி காலியாகக் கிடக்கும், கிடக்கட்டும்.

தேடும் வசதியும் சும்மா இல்லை. குடை எந்தெந்தக் காட்சியில் வருகிறது, கடிதத்தைப் பற்றி முதலில் பேசுவது யார் என்று மேடைப் பொருட்களின் பட்டியல் போடும்போது ஒரு சொல்லைத் தட்டினால் வந்து நிற்கும். கண் பார்வை மங்கிய நடிகருக்கு 18 புள்ளி எழுத்தில் அச்செடுத்துக் கொடுக்கலாம். பார்க்க முடியாதவருக்குத் திரைவாசிப்பான் வாசிக்கும். ஒரு காலத்தில் தனி ஆள் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

சரி, இவ்வளவு நன்மை இருக்கிறதே, அடித்துவிட வேண்டியதுதானே?

நகலெடுப்பவன் கையால் என்ன ஆகும் என்பதற்கு நாடக உலகத்தில் பழைய சான்றுகள் இருக்கின்றன. லண்டனில் ஷேக்ஸ்பியர் காலத்து நடிகர்களுக்கு முழு நாடகமும் கொடுக்க மாட்டார்கள். அவரவர் வசனமும், அதற்கு முன் மற்றவர் பேசுவதன் கடைசிச் சில சொற்களும் மட்டும் எழுதிய நீளச் சுருள்தான் கிடைக்கும். எட்வர்ட் ஆலன் என்ற பெரிய நடிகருக்காக எழுதப்பட்ட அப்படியொரு சுருள் இன்றும் டல்விச் கல்லூரியில் இருக்கிறது. எழுத்தர் எழுதியதன் மேல் ஆலனே தன் கையால் திருத்தியிருக்கிறார். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, ஷேக்ஸ்பியரின் குழுவுக்கு ரால்ஃப் கிரேன் என்று ஒரு தொழில்முறை எழுத்தர் பிரதி எடுத்துக் கொடுத்தார். அழகான கையெழுத்து. ஆனால் அடைப்புக்குறி, சொற்களை இணைக்கும் கோடு, மேற்குறி எல்லாம் அவர் விருப்பத்துக்குத் தாராளமாக விழும். 1623-ல் அச்சான ஷேக்ஸ்பியர் பெருந்தொகுப்பில் எந்தெந்த நாடகம் கிரேனின் பிரதியிலிருந்து வந்தது என்பதை ஆய்வாளர்கள் இந்தப் பழக்கங்களை வைத்தே அடையாளம் காண்கிறார்கள். சில மேடைக் குறிப்புகளைக்கூட அவரே விரித்து எழுதியிருக்கலாம் என்று கருதுகிறார்கள். அவ்வளவு கவனமான, கூலி வாங்கிச் செய்த எழுத்தரின் கையே நானூறு வருடம் கழித்தும் தெரிகிறது என்றால், ஒத்திகைக்கு முந்தின இரவு கண்ணைக் கசக்கிக்கொண்டு அடிக்கும் நம் கை எவ்வளவு தெரியும்!

எழுத்துப்பிழை எனக்குப் பொருட்டே இல்லை. அது பார்த்தவுடன் தெரிந்துவிடும், நடிகர் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்வார். கண்ணுக்குத் தெரியாத பிழைதான் ஆபத்து. வேகமாக அடிக்கிறவர் எழுத்து எழுத்தாகப் பார்ப்பதில்லை. ஒரு வரியைப் படித்து, மனதில் வைத்து, அங்கிருந்து அடிக்கிறார். "போய்விட்டான்" என்பது "கிளம்பிவிட்டான்" ஆகும். பொருள் சரியாக இருப்பதால் யாருக்கும் உறைக்காது. இன்னொன்று கண் தாவுவது. அடுத்தடுத்த இரண்டு வசனங்கள் ஒரே சொல்லில் முடிந்தால், முதலாவதை அடித்துவிட்டு மறுபடி மூலத்தைப் பார்க்கும் கண் இரண்டாவதன் முடிவில் போய் விழும். நடுவில் இருந்தது மாயமாகிவிடும். சுவடி ஆராய்கிறவர்களுக்கு இது பழகிய பிழை.

நான் உதவியாளாக இருந்த ஒரு தயாரிப்பில் இதுவே நடந்தது. யாரோ முன்பு அடித்து வைத்திருந்த கோப்பில் ஒரு வசனம் இல்லை. புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்த ஒரு நடிகை மட்டும் அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு ஒத்திகை முடிவிலும் அவருக்கு "சொந்தமாக வசனம் சேர்க்கிறீர்கள்" என்று சீட்டு போகும். அவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மறுநாள் பழக்கத்தில் மறுபடி சொல்லிவிடுவார். ஒருநாள் பொறுமை போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்துவைத்தார். அறையில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை.

புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ஸ்டேஜ் மேனேஜர். நடிகர் வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்பவரும், மாற்றிச் சொன்னால் குறித்து வைப்பவரும் அவர்தான். அவர் கையில் இருக்கும் பிரதியே தப்பு என்றால், சரியாகப் பேசுகிறவரைத் திருத்தித் தப்பாகப் பேச வைக்கும் வேலையை அவர் நாள்தோறும் செய்துகொண்டிருப்பார். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்பார்கள். ஒரே ஒத்திகை அறையில் இரண்டு பிரதி இருந்தாலும் அதே கதிதான்.

பக்க எண் தகராறு வேறு. அடித்த கோப்பில் பக்கங்கள் புதிதாக விழும். இயக்குநர் "34-ஆம் பக்கத்திலிருந்து எடுப்போம்" என்றால் பாதிப் பேர் ஒரு சண்டையிலும் மீதிப் பேர் ஒரு காதல் காட்சியிலும் நிற்பார்கள். கோப்பைத்தான் பயன்படுத்தப் போகிறோம் என்றால் எல்லாரும் அதையே பயன்படுத்த வேண்டும். புத்தகம் வைத்திருப்பவர்களும் இருப்பார்கள் என்றால் அச்சுப் பக்க எண்ணை ஓரத்தில் போட்டுவிட வேண்டும். அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது நல்லது. வேர்டு கோப்பாக அனுப்பினால் ஒவ்வொருவர் கைபேசியிலும் பக்கம் ஒவ்வொரு மாதிரி விழும்.

இனி சட்டம். காப்புரிமை இன்னும் தீராத நாடகத்தை அடித்து வைப்பது நகலெடுப்பதுதான். நகல் இயந்திரத்தில் எடுத்தால்தான் நகல், கையால் அடித்தால் உழைப்பு என்று நினைக்கிறவர்கள் ஆச்சரியமாக இன்னும் இருக்கிறார்கள். புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியது வேறு, மேடையேற்ற அனுமதி வாங்கியது வேறு, பிரதி எடுக்கும் உரிமை வேறு. இசை நாடகங்களுக்கு, நாடக உரிமைகளைக் கவனிக்கும் பல நிறுவனங்கள் பிரதியை வாடகைக்குத்தான் தருகின்றன. முடிந்ததும் பென்சில் குறிப்புகளையெல்லாம் அழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பார்கள். காப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் இன்றைய வடிவப்படி எழுதியவரின் ஆயுளுக்கும் அதன் பிறகு குறைந்தது 50 ஆண்டுக்கும் உரிமை உண்டு. இந்தியாவில் 60 ஆண்டு, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 70 ஆண்டு.

பழைய நாடகம்தானே என்று நினைத்து விழுகிற குழி ஒன்று உண்டு. நாடகாசிரியர்கள் செக்காவ் 1904-லும் இப்சன் 1906-லும் இறந்துவிட்டார்கள். அவர்கள் எழுதிய ருஷ்ய, நார்வேஜிய மூலம் யாருக்கும் பொது. ஆனால் நம் கையில் இருப்பது மொழிபெயர்ப்பு. மொழிபெயர்த்தவர் இன்று உயிரோடு இருந்தால் அந்தப் பிரதி அவருடையது. இதைச் சொன்னால் "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்பார்கள். மற்ற எழுத்தாளர்கள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நாடகம் போடுவது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

பார்வை இல்லாதவர்களுக்காகப் படிக்கத்தக்க வடிவில் பிரதி எடுப்பதற்கு மட்டும் தனி வழி இருக்கிறது. 2013-ல் உருவாகி 2016-ல் நடைமுறைக்கு வந்த மரகேஷ் உடன்படிக்கை அதற்காகவே வந்தது. அதில் சேர்ந்த நாடுகள் தங்கள் சட்டத்தில் அதற்கு விலக்கு வைத்திருக்கின்றன. குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் அந்த வழியைக் கேட்டுப் பாருங்கள்.

எனவே புத்தகம் கைக்கு வந்ததும் அடிக்க உட்காருவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நாடகாசிரியர் உயிரோடு இருந்தால் அவரிடமே கோப்பு இருக்கும். உரிமை நிறுவனங்களில் சில மின்பிரதியைத் தாங்களே விற்கின்றன. ஸ்டேஜ் மேனேஜருக்கு மட்டும் பெரிதாக்கி ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாமா என்று எழுதிக் கேட்டால் சம்மதிக்கிறவர்கள் உண்டு. உரிமை தீர்ந்த பழைய ஆங்கில நாடகம் என்றால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். 1971-ல் தொடங்கிய இலவச மின்னூலகமான குட்டன்பர்க் திட்டம் மாதிரி இடங்களில் பலர் கூடி அடித்து, பலர் கூடித் திருத்திய கோப்பு இருக்கும்போது நாம் தனியாக உட்கார்ந்து அடிப்பானேன்? எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷேக்ஸ்பியருக்குப் பதிப்புக்குப் பதிப்பு வரி மாறும்.

ஸ்கேன் செய்து, படத்தில் உள்ள எழுத்தைக் கண்டறியும் எழுத்துணரி மென்பொருள் மூலம் மாற்றுவது வேகம். ஆனால் அதன் பிழைகள் இன்னும் தந்திரமானவை. பாத்திரப் பெயர் முந்தின ஆளின் வசனத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஒருவர் பேச வேண்டியதை இன்னொருவர் பேசுவார். சட்டத்தின் கண்ணுக்கு இதுவும் நகல்தான்.

"அடித்தால் நாடகம் மனதில் பதியும்" என்று ஒரு வாதம் உண்டு. மூத்த ஸ்டேஜ் மேனேஜர்கள் சிலர் இதை அழுத்தமாகச் சொல்வார்கள். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. அடிக்கும்போது பதிவது சொற்கள். நமக்குப் பதிய வேண்டியது வேறு. யார் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறார், உடை மாற்ற எவ்வளவு நேரம் இருக்கிறது, இந்தக் காட்சியில் உடைந்த கோப்பை அடுத்த காட்சிக்கு முன் எப்படி முழுசாகும் என்பதெல்லாம். பென்சிலோடு உட்கார்ந்து, ஒரு தடவை பொருட்களுக்காக மட்டும், இன்னொரு தடவை நுழைவு வெளியேற்றத்துக்காக மட்டும், இன்னொரு தடவை சத்தத்துக்காக மட்டும் படித்தால் இதெல்லாம் பிடிபடும். தட்டச்சுக்குச் செலவாகும் நேரத்தில் இந்த மூன்று வாசிப்பும் முடிந்து, ஒத்திகைத் தரையில் டேப் ஒட்டி மேடை அளவு குறித்துவிடக்கூட நேரம் மிஞ்சும். ஒத்திகைக்கு முந்தின வாரம் ஸ்டேஜ் மேனேஜருக்கு வேலை இல்லாத வாரம் என்று நினைக்கிறவர்கள்தான் அவரிடம் தட்டச்சைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். நாடகக் குழுவில் பெயர் வைக்காத எந்த வேலையும் கடைசியில் அவர் மடியில்தான் வந்து விழும்.

மேடைக் குறிப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அடிக்கிறவர்கள் நேரம் மிச்சம் பிடிக்க முதலில் கை வைப்பது அதில்தான். "இயக்குநர் எப்படியும் மாற்றிவிடுவார்" என்று விட்டுவிடுவார்கள். சாமுவேல் பெக்கெட் மாதிரி நாடகாசிரியர்களுக்கு மேடைக் குறிப்பும் நாடகம்தான். 1984-ல் அமெரிக்காவில் ஒரு குழு அவருடைய நாடகம் ஒன்றைச் சுரங்க ரயில் நிலையத்தில் நடப்பதுபோல் போட்டபோது அவர் எதிர்த்தார். கடைசியில் அவருடைய மறுப்பு நிகழ்ச்சிக் கையேட்டிலேயே அச்சானது. குறிப்பை மீறுவதா வேண்டாமா என்பது இயக்குநரின் பாடு. அது பிரதியில் இருந்ததே அவருக்குத் தெரியாமல் போகும்படி செய்ய ஸ்டேஜ் மேனேஜருக்கு உரிமை இல்லை.

புது நாடகம் என்றால் கதையே வேறு. அங்கே மின்பிரதி இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது. நாடகாசிரியர் அறையிலேயே உட்கார்ந்திருப்பார். காலையில் ஒரு காட்சி வெட்டுப்படும், மாலையில் ஒரு பாத்திரத்துக்குப் புது வசனம் முளைக்கும். மூலக் கோப்பு ஒரே ஆளிடம்தான் இருக்க வேண்டும். அது ஆசிரியரா, ஸ்டேஜ் மேனேஜரா என்று முதல் நாளே பேசி முடித்துவிட வேண்டும். நான் ஸ்டேஜ் மேனேஜர் பக்கம்தான் சாய்வேன். ஏனென்றால் ஆசிரியர்கள் ஒரு வரி மாற்றினாலும் முழு நாடகத்தையும் அனுப்புவார்கள். எங்கே மாறியது என்று கேட்டால் "படித்துப் பாருங்கள், தெரியும்" என்பார்கள். நல்லவேளையாக வேர்டில் இரண்டு கோப்பை ஒப்பிட்டுக் காட்டும் வசதி இருக்கிறது. மாறிய பக்கத்தை மட்டும் தேதி போட்டு, வேறு நிறத் தாளில் கொடுத்தால் யார் கையில் பழைய பக்கம் இருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். 24-ஆம் பக்கத்தில் வசனம் கூடிவிட்டால் 24அ என்று ஒரு தாளைச் சொருக வேண்டும். பின்னால் வரும் எண்களைத் தொடவே கூடாது. கோப்பின் பெயரில் தேதி இருக்கட்டும். "இறுதி", "இறுதி-2", "உண்மையான இறுதி" என்று பெயர் வைப்பவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். வெட்டிய வசனத்தையும் தூக்கிப் போடாதீர்கள். கடைசி வாரத்தில் இயக்குநர் அதைத் தேடிக்கொண்டு வருவார்.

கையெழுத்துப் பிரதியாகவே வரும் புது நாடகங்களும் உண்டு. அதை யாராவது அடித்துத்தான் ஆக வேண்டும், ஆசிரியரே கேட்பதால் உரிமைச் சிக்கலும் இல்லை. ஸ்டேஜ் மேனேஜர் அடித்தால் அதற்குத் தனிச் சம்பளமும் தனி நாட்களும் பேசிக்கொள்ள வேண்டும். அடித்ததை ஆசிரியர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் நடிகர்களுக்குப் போக வேண்டும்.

எல்லாருக்கும் போகும் கோப்பில் க்யூவையும் அசைவுக் குறிப்பையும் கலக்காதீர்கள். 1599-ல் அச்சான ரோமியோ ஜூலியட் பதிப்பில், பீட்டர் என்ற வேலைக்காரன் நுழைய வேண்டிய இடத்தில் "வில் கெம்ப் நுழைகிறார்" என்று இருக்கிறது. வில் கெம்ப் அந்தக் குழுவின் நகைச்சுவை நடிகர். வேலைப் பிரதியில் இருந்த பெயர் நேரே அச்சுக்குப் போய்விட்டது. க்யூவை நான் இன்னமும் அச்செடுத்த தாளில் பென்சிலால்தான் எழுதுகிறேன். லைட், ஒலி எல்லாம் சேர்த்துப் பார்க்கும் தொழில்நுட்ப ஒத்திகையில் ஒரே க்யூ அரை வரி முன்னே, அரை வரி பின்னே என்று நாலு தடவை நகரும். டேப்லெட்டில் எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அதன் வெளிச்சம் மேடை ஓரத்தில் கசியாமல் பார்த்துக்கொண்டால் சரி. எனக்குக் காய்ச்சல் வந்தால், வேறொருவர் அந்தப் புத்தகத்தைத் திறந்து அன்றைய நிகழ்ச்சியை நடத்திவிட முடிய வேண்டும். என் கடவுச்சொல்லுக்குள் அது பூட்டிக்கிடக்கக் கூடாது.

நாடகம் ஓடி முடிந்த பிறகு ஒரு வேலை இருக்கிறது. அதை மட்டும் நான் யாரும் கேட்காமலே செய்வேன். புது நாடகம் என்றால் கடைசி நிகழ்ச்சியில் மேடையில் உண்மையில் பேசப்பட்டது எதுவோ, அதை மூலக் கோப்போடு ஒப்பிட்டுச் சரிசெய்து, தேதி போட்டு ஆசிரியருக்கு அனுப்பிவிடுவேன். அவர் கணினியில் இருப்பது பெரும்பாலும் மூன்றாவது வாரத்துப் பிரதியாக இருக்கும். அச்சுக்குக் கேட்டால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார். அப்புறம் குழுவில் எல்லாருக்கும் செய்தி போடுவேன், கைபேசியில் இருக்கும் பிரதிகளை அழித்துவிடுங்கள் என்று. பாதிப் பேர் அழிப்பார்கள்.